முதல் மெட்டல் டிடெக்டர்: எவ்வளவு செலவழிக்கலாம், எதற்காகச் செலவழிக்கலாம்

2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷரில், ஹாமர்விச் என்ற ஊருக்கு அருகே உழுதிருந்த வயல் ஒன்றில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கப் புதையலைக் கண்டெடுத்தார். வாட்பிடிகளை அலங்கரித்த தங்கத் துண்டுகளே அதில் மிகுதி. பிற்பாடு அதன் மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு என்று முடிவானது. அவர் கையில் இருந்ததோ 14 ஆண்டுப் பழைய மெட்டல் டிடெக்டர். பழைய பொருள் சந்தையில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கியது என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின.

மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் பழம்பொருள் தேடும் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே இந்தக் கதையைக் கேட்டுவிடுகிறார்கள். அதே வாரத்தில் வேறொருவர், ஆயிரத்து நானூறு பவுண்டுக் கருவி இல்லாமல் வயலில் இறங்குவது வீண் என்றும் சொல்லியிருப்பார். நான் எசெக்ஸ் வயல்களில் ஒன்பது ஆண்டுகளாகத் தேடிவருகிறேன். மலிவான கருவி, நடுத்தர விலைக் கருவி, விலையுயர்ந்த கருவி மூன்றையும் சொந்தப் பணத்தில் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். விலை கூடும்போது சில திறன்கள் உண்மையிலேயே கூடுகின்றன. ஆனால் புதியவர்கள் கூடும் என்று நம்புகிற திறன்கள் வேறு. அந்த வேறுபாடு தெரிந்தால் உங்கள் முதல் முந்நூறு பவுண்டு வீணாகாது.

முதல் படி: கருவிக்கு முன் நிலம்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஹெர்பர்ட் தேடிய வயலில் தங்கம் இருந்தது, உழவு அதை மேலே கொண்டுவந்திருந்தது, தேட நில உரிமையாளரின் அனுமதியும் அவரிடம் இருந்தது. ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எந்த நிலத்தில் தேடப்போகிறீர்கள்? அங்கே தேட யார் அனுமதி தருவார்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த நிலமானாலும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிய அரசு அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடற்கரைக்கும் உரிமையாளர் உண்டு, அது யார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். விவசாயியிடம் நேரில் போய்க் கேட்பதைவிடச் சிறந்த வழியை நான் இன்னும் கண்டதில்லை. அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன் உள்ள வாரங்கள்தாம் அவருக்கும் தொந்தரவில்லாத காலம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நிலைமை முற்றிலும் வேறு. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பழம்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. இலங்கையில் புதையல் தேடிக் கைதாகிறவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. தொலைந்த மோதிரத்தைத் தோட்டத்தில் தேடுவது ஒன்று, கோயில் மேட்டில் கருவியோடு இறங்குவது வேறொன்று.

நிலம் முடிவானதும் அதன் குணத்தைப் பாருங்கள். புல்வெளியா, பழைய குடியிருப்பு இருந்து இரும்பு ஆணிகள் நிறைந்த வயலா, உப்பு ஈரம் ஊறிய கடற்கரை மணலா? இனிச் சொல்லப்போகும் எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தது.

இரண்டாம் படி: பணம் எதை வாங்கித் தருகிறது

கருவியின் வேலை எளிமையானது. கோலின் நுனியிலுள்ள வட்டச் சுருளில் ஒரு கம்பிச்சுற்று மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தை இன்னொரு கம்பிச்சுற்று வாங்கிக்கொள்கிறது. அனுப்பியதற்கும் வந்ததற்கும் இடையே உள்ள கால விலகலை வைத்து, கீழே இருப்பது ஆணியா வெள்ளியா என்று கருவி ஊகித்து ஓர் எண்ணும் ஓர் ஒலியும் தருகிறது. ஊகம் என்ற சொல்லை மறக்காதீர்கள்.

ஆழத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். காந்தப்புலம் தூரத்தோடு மிக வேகமாகத் தேய்கிறது. கீழே போகும்போதும் தேய்கிறது, திரும்பி வரும்போதும் தேய்கிறது. வழக்கமான 28 செ.மீ. விட்டமுள்ள சுருளுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். 20 செ.மீ. ஆழத்தில் தரும் அதே சமிக்ஞையை 30 செ.மீ. ஆழத்திலுள்ள நாணயம் தரவேண்டுமானால் ஏறக்குறைய ஆறு மடங்கு வலிமை வேண்டும். 40 செ.மீ. என்றால் 27 மடங்கு. அனுப்பும் சக்தியைக் கூட்டிச் சமாளிக்கவும் முடியாது, ஏனென்றால் மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்களின் இரைச்சலும் அதோடு சேர்ந்து கூடுகிறது. ஆகவே ஐந்து மடங்கு விலை கொடுத்தால் ஐந்து மடங்கு ஆழம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சுத்தமான புல்வெளியில் 15 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் விக்டோரியா காலத்துப் பென்னியை 200 பவுண்டுக் கருவியும் சொல்லும், 1,400 பவுண்டுக் கருவியும் சொல்லும்.

வித்தியாசம் தெரிவது இரும்பில். பழைய குடியிருப்பு இருந்த இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் பத்து ஆணிகள் கிடக்கலாம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு வெள்ளிக்காசு இருந்தால், மலிவான கருவி முதல் ஆணியை ஒதுக்கிவிட்டு நிமிர்வதற்குள் சுருள் காசைக் கடந்து அடுத்த ஆணிக்குப் போய்விடும். காசு மௌனமாகிவிடுகிறது. விலையுயர்ந்த கருவிகள் ஒரு சமிக்ஞையிலிருந்து மீளும் வேகத்தில்தான் உண்மையிலேயே உயர்ந்தவை. பிரான்சின் எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் வரிசைக் கருவிகள் பெயர்பெற்றதும் இதனால்தான்.

அடுத்தது உப்பு. ஈரமான கடல்மணலே மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவி அங்கே காரணமில்லாமல் கத்திக்கொண்டிருக்கும். உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும், ஆழமும் போய்விடும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவி உப்பின் குரலையும் உலோகத்தின் குரலையும் பிரித்துக் கழித்துவிடுகிறது. முன்பு இந்த வசதி விலையுயர்ந்த கருவிகளில்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் 2018இல் ஈக்வினாக்ஸ் கருவிகளையும் அடுத்த ஆண்டு வான்குவிஷ் வரிசையையும் விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இந்தக் கணக்கு மாறியது. இன்று பல அதிர்வெண் கருவியை முந்நூறு பவுண்டுக்குள்ளும் வாங்கலாம். பத்தாண்டுக்கு முந்தைய அறிவுரைகளைப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அதிர்வெண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். குறைந்த அதிர்வெண் பெரிய செம்பு, வெள்ளிப் பொருள்களுக்கு நல்லது. சிறிய, மெல்லிய பொருள்களுக்கு உயர்ந்த அதிர்வெண் நல்லது. இடைக்கால இங்கிலாந்தில் வெள்ளிப் பென்னியை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிச் சில்லறையாக்கினார்கள். அந்தக் கால்துண்டின் எடை அரைக் கிராம்கூட இல்லை. 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும், கேரட் நிறுவனத்தின் பழைய ஏஸ் 250 கருவி அதைத் தவறவிடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

எடை, தண்ணீர் தாங்குதல், கம்பியில்லா ஹெட்போன் எல்லாம் வசதிகள். அவற்றில் எடையைச் சிறிதாக எண்ணாதீர்கள். ஐந்து மணி நேரம் கருவியைத் தரைமேல் இடவலமாக வீசுகிற தோளுக்கு ஒன்றேகால் கிலோவும் இரண்டேகால் கிலோவும் ஒன்றல்ல. தண்ணீர் தாங்கும் கருவிக்கு அதிகப் பணம் வேண்டியதில்லை. துருக்கியின் நோக்டா நிறுவனம் 2019இல் வெளியிட்ட சிம்ப்ளெக்ஸ் பிளஸ் மலிவு வகைதான், மூன்று மீட்டர் தண்ணீருக்குள் போய்வரும்.

எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. தங்க மோதிரத்தையும் அலுமினியக் குளிர்பானக் குவளையின் மூடி வளையத்தையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணில் ஒலிக்கும். அலுமினியத்தைத் தோண்ட மறுக்கிறவர் தங்கத்தையும் விட்டுவிட்டுத்தான் போகிறார்.

மூன்றாம் படி: பணத்தைப் பங்கிடுங்கள்

இங்கிலாந்துக் கடைகளில் மூன்று விலைத் தளங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 150 முதல் 300 பவுண்டு வரை ஏஸ், சிம்ப்ளெக்ஸ், வான்குவிஷ் போன்றவை. 450 முதல் 650 வரை ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட் போன்றவை. ஆயிரத்தைத் தாண்டினால் டியூஸ் 2, மைன்லேப் மான்டிகோர். நூறு பவுண்டுக்குக் கீழே பெயர் தெரியாத கருவிகள் பல உண்டு. அவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுக்கு வாங்குங்கள், உங்களுக்கு வேண்டாம்.

கையில் 500 பவுண்டு இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். கருவிக்கு 280. பின்பாயின்டருக்கு நூறு. இது தோண்டிய குழிக்குள் விட்டுப் பொருளின் இடத்தைச் சரியாகக் காட்டும் கைக்கோல். நல்ல எஃகு மண்வெட்டிக்கு ஐம்பது. மீதி, பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டோடு வரும் தேடுவோர் சங்க உறுப்பினர் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும். பின்பாயின்டர் இல்லாமல் 500 பவுண்டுக் கருவி வைத்திருப்பவர் ஒரு குழியில் பத்து நிமிடம் மண்ணைப் பிசைந்துகொண்டிருப்பார். பக்கத்தில் 280 பவுண்டுக் கருவியும் பின்பாயின்டரும் வைத்திருப்பவர் அதற்குள் மூன்று குழிகளை மூடிவிட்டுப் போயிருப்பார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஈரமணல் கடற்கரைதான் உங்கள் இடம் என்றால் பங்கீடு மாறும். பல அதிர்வெண் கருவியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். இங்கே சிக்கனம் உதவாது.

நான்காம் படி: எங்கே வாங்குவது, எதை வாங்கக்கூடாது

அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். பெயர்பெற்ற கருவிகளுக்கும் பின்பாயின்டர்களுக்கும் அச்சு அசலான போலிகள் இணையச் சந்தையில் இருக்கின்றன. பாதி விலைக்குப் புதுக் கருவி என்றாலே சந்தேகப்படுங்கள். ஆனால் பயன்படுத்திய கருவியை வாங்க அஞ்சவேண்டாம். சங்க உறுப்பினர்கள் புதியதற்கு மாறும்போது பழையதை நல்ல நிலையில் விற்பார்கள். ரசீதையும் வரிசை எண்ணையும் கேட்டு வாங்கி, சுருளின் வயர் இணைப்பை அசைத்துப் பார்த்து, ஒரு நாணயத்தின் மேல் வீசிப் பாருங்கள்.

ஒரு வகைக் கருவியை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள தங்கத்தை நோக்கி ஆன்டெனா தானாகத் திரும்பும் என்று விற்கப்படும் தொலைதூரக் கருவிகளைச் சொல்கிறேன். தமிழ் பேசும் ஊர்களிலும் இவற்றுக்கு ஆசைப்பட்டுப் பணத்தை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இதே வடிவத்தில் வெடிகுண்டு காட்டும் கருவி என்று ஏடிஇ 651 என்பதை ஈராக்குக்கும் வேறு நாடுகளுக்கும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருள் ஒன்றிலிருந்து பிறந்த கருவி அது. எதையும் கண்டறியும் மின்னணுப் பகுதி அதற்குள் இருக்கவில்லை. அதை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்றவர்களின் உயிர் போயிருக்கிறது.

ஐந்தாம் படி: ஒரு வாரம் வீட்டுத் தோட்டத்தில்

கருவி வந்த மறுநாளே வயலுக்கு ஓடவேண்டாம். ஒரு செம்புக் காசு, ஒரு வெள்ளிக் காசு, ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு குவளை மூடி வளையம், ஒரு துண்டு அலுமினியத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் பரப்பி ஒவ்வொன்றின் ஒலியையும் திரையின் எண்ணைப் பார்க்காமல் காதால் பழகுங்கள். பிறகு காசுகளை 10, 15, 20 செ.மீ. ஆழங்களில் புதைத்து, மேலே குச்சி நட்டு வீசிப் பாருங்கள். கடைசியாக ஒரு மரப்பலகையில் நான்கு ஆணிகளையும் நடுவில் ஒரு காசையும் வைத்து, சுற்றிச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் வீசுங்கள். எந்தத் திசையில் காசு பேசுகிறது, எந்தத் திசையில் மௌனமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியின் எல்லை எது என்பது இந்தப் பலகையில் தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சியின்போது உணர்திறனை முழுக்க ஏற்றாதீர்கள். வீட்டருகே மின்கம்பிகளும் வைஃபை பெட்டியும் சத்தம் எழுப்பும். வயலிலும் அப்படியே. கருவி அமைதியாக இயங்கும் அளவுக்கு உணர்திறனைக் குறைத்தபின் கிடைப்பதே பயன்படும் ஆழம்.

ஆறாம் படி: வீசும் கை

முதல் ஆண்டு முழுவதும் நான் சுருளை ஊஞ்சல்போல வீசிக்கொண்டிருந்தேன். இரண்டு ஓரங்களிலும் சுருள் தரையைவிட்டு ஐந்து, ஆறு செ.மீ. எழும்பியது. சங்கத்தின் மூத்தவர் ஒருவர் ஒரு நாள் பின்னாலேயே நடந்து வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார். மேலே சொன்ன கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 20 செ.மீ. ஆழத்திலுள்ள நாணயத்துக்கு மேல் சுருள் 5 செ.மீ. உயர்ந்தால், வரும் சமிக்ஞை ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். எந்த விலைக் கருவியும் இந்த இழப்பை ஈடுகட்டாது.

சுருள் தரையை உரசாத குறையாக மிகத் தாழ்வாக, கிடையாக, மெதுவாகப் போகவேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடவேண்டும். அறுவடை முடிந்த தாள்கட்டை வயலில் சுருள் கட்டைகளின் மேலேயே நிற்கும் என்பதால், உழுது சமன்செய்த வயல் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சமிக்ஞை கிடைத்ததும் தொண்ணூறு பாகை திரும்பி மறுபடி வீசுங்கள். இரண்டு திசையிலும் ஒரே குரலில் பேசினால் தோண்டுங்கள். ஒரு திசையில் மட்டும் பேசிக் கரகரத்தால் பெரும்பாலும் இரும்பு. ஆனாலும் முதல் ஐம்பது மணி நேரம் அதையும் தோண்டிப் பாருங்கள், காது வேறு எப்படித்தான் கற்கும்?

சில வயல்களில் குப்பையிலிருந்து செய்த தழை உரத்தைப் பரப்பியிருப்பார்கள். அலுமினியத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கலந்திருக்கும். அங்கே விலையுயர்ந்த கருவிகூடத் திணறும். வேறு வயலுக்குப் போய்விடுங்கள்.

ஏழாம் படி: தோண்டுவதும் நிறுத்துவதும்

புல்வெளியில் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டுப் புல்கட்டியைத் திருப்புங்கள். மண்ணை ஒரு துணியில் கொட்டி, முடிந்ததும் முழுவதையும் திரும்பப் போட்டு மிதித்துவிடுங்கள். கிடைத்த ஈயத்தையும் குப்பையையும் எடுத்துப் போய்விடுங்கள். திறந்து கிடக்கும் ஒரு குழியில் ஆட்டின் கால் மாட்டினால் அந்த வட்டாரத்திலேயே யாருக்கும் அனுமதி கிடைக்காது.

உழவு மண்ணுக்குக் கீழே சமிக்ஞை போனாலோ, பொருள்கள் கூட்டமாக வந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் ஊரில் எரிக் லாஸ் என்பவர் நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனார். தங்கமும் வெள்ளியும் மண்ணிலிருந்து வரத் தொடங்கியதும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு உரியவர்களுக்குத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானிய நாணயங்கள் கிடைத்ததோடு, அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து விழுக்காடாவது தங்கமோ வெள்ளியோ கலந்த, நாணயமல்லாத பொருளானாலும், ஒரே இடத்தில் கிடைத்த அப்படிப்பட்ட இரண்டு நாணயங்களானாலும், 14 நாள்களுக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். 2023 முதல் 200 ஆண்டு தாண்டிய சில முக்கியமான பொருள்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. புதையல் அல்லாத பழம்பொருள்களை, இத்தகைய கண்டெடுப்புகளைப் பதிவுசெய்யும் வட்டாரப் பதிவு அலுவலரிடம் காட்டுங்கள். கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நாணயத்தைத் தேய்க்காதீர்கள், ஒரு நிமிடத் தேய்ப்பில் எழுத்து போய்விடும்.

எட்டாம் படி: கருவியை மாற்றும் நாள்

ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். எந்த வயல், எத்தனை மணி நேரம், என்ன மண், என்ன கிடைத்தது, எங்கே கருவி குழம்பியது என்று எழுதுங்கள். நூறு மணி நேரம் போகட்டும். அதன்பின், என் கருவியால் இன்னதைச் செய்ய முடியவில்லை, எனக்குக் கிடைத்திருக்கும் நிலத்தில் அது அடிக்கடி வேண்டியிருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். அது ஆணிகளுக்கு நடுவே பிரிக்கும் வேகமாக இருக்கலாம், ஈரமணலாக இருக்கலாம், தோள்வலியாக இருக்கலாம். வாக்கியம் வரவில்லை என்றால் அந்தப் பணத்தில் புது அனுமதி தேடிக் கிராமங்களுக்குப் போய்வாருங்கள்.

புதுக் கருவி வந்ததும் பழைய வயலுக்கே முதலில் போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். என் பகுதியில் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே மலிவுக் கருவியோடு இரண்டு ஆண்டு நடந்திருந்தேன். விலையுயர்ந்த கருவியோடு மூன்று சனிக்கிழமைகள் மறுபடி நடந்தேன். ஒரு பொத்தானும் சில ஈயக் குண்டுகளும்தாம் புதிதாக வந்தன. அதே விவசாயியின் இன்னொரு வயலில் பழைய வீடு ஒன்று இடிந்த மேடு இருக்கிறது. ஆணி நிறைந்த அந்த மேட்டில் மலிவுக் கருவி எப்போதும் இரும்பொலியைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை. புதுக் கருவி அரை மணி நேரத்தில் இரண்டு கரகரப்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய உயர்ந்த குரலைக் காட்டியது. நான்காக வெட்டிய வெள்ளிப் பென்னியின் ஒரு கால், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதைப் பதிவு அலுவலரிடம் கொடுத்தபோது, இந்த மேட்டில் இடைக்காலத்தில் ஆள்கள் இருந்ததற்கு வேறு ஏதாவது சான்று கிடைத்திருக்கிறதா என்று கேட்டார். அதற்காக இப்போது அந்த மேட்டை மீட்டர் மீட்டராகக் கயிறு கட்டி நடந்துகொண்டிருக்கிறேன்.